பீரோ கண்ணாடி முன்னால் இருபது நிமிஷம்

வில்லியனூர், பாகூர் கொம்யூன் பக்கத்துக் கடிதங்களுக்காகவே இந்த முறை முழுப் பக்கமும். வயலின், செல்லோ வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. வகுப்பு வாரத்தில் ஒரு நாள். மிச்சம் ஆறு நாளும் வாத்தியம் வீட்டில். அந்த ஆறு நாளைப் பற்றித்தான் எல்லாருக்கும் சந்தேகம். எனக்கு இதைவிடப் பிடித்த விஷயம் கிடையாது என்பதால் உற்சாகமாக ஆரம்பிக்கிறேன்.

கே: என் மகன் வில்லை எடுத்தாலே வீட்டுக்குள் பூனை கத்துகிறது. எப்போது நிற்கும்? (ஓர் அம்மா, ஒதியம்பட்டு)

ப: கத்துவது பூனை இல்லை அம்மா, குதிரை! வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் முடி, நூற்றைம்பது இழைக்குக் குறையாமல். வெறும் முடியைத் தந்தியில் இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும், சத்தமே வராது. ரோசின் என்ற பிசினைத் தேய்த்த பிறகுதான் முடிக்குப் பிடி கிடைக்கிறது. முடி தந்தியைப் பற்றி இழுக்கும். தந்தி கொஞ்ச தூரம் கூடவே போய், திமிறித் திரும்பும். மறுபடி முடி பற்றும். ‘ஏ’ தந்தியில் இந்தப் பிடி-விடு விளையாட்டு விநாடிக்கு 440 முறை நடக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி இதை ஆராய்ந்து சொன்னார். உங்கள் பையன் வில்லை மேலோட்டமாக வைத்து வேகமாக இழுத்தால் முடி பற்ற வேண்டிய நேரத்தில் பற்றாது. கீச்! கோணலாக இழுத்தால் வில் தந்தி மேல் சறுக்கும். மறுபடி கீச்!

வைத்தியம் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. உள்ளே இல்லை, கதவில். பீரோ கண்ணாடி முன்னால் பையனைச் சற்றே பக்கவாட்டில் நிற்க வையுங்கள். விரல் எதுவும் வைக்காமல் வெறும் தந்தி. அடி முதல் நுனி வரை எட்டு எண்ணி ஓர் இழுப்பு, எட்டு எண்ணி ஒரு தள்ளல். வில், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு நேர் இணையாகப் போகிறதா என்று அவனே கண்ணாடியில் பார்த்துக்கொள்ளட்டும். முடித்ததும் நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். தந்திகளின் மேல் வெள்ளையாக ரோசின் பொடி படிந்திருக்கும், அதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பிரிட்ஜுக்கும் விரல் பலகைக்கும் நடுவே குறுகலான ஒரே பட்டையாக இருந்தால் வில் நேராகப் போயிருக்கிறது. விரல் பலகை வரை மாவு சிந்தியிருந்தால் வில் ஊர் சுற்றியிருக்கிறது. இசை தெரியாத அம்மாவும் பிள்ளையின் பாடத்தைத் திருத்த இந்த ஒரு பார்வை போதும். பார்த்த பிறகு பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள்.

கே: ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு லீவு உண்டா? (ஆறாம் வகுப்பு மாணவன், கிருமாம்பாக்கம்)

ப: உண்டு தம்பி. இருபத்து மூன்றரை மணி நேரம் முழு லீவு.

கே: பத்தாயிரம் மணி நேரம் வாசித்தால் மேதை ஆகிவிடலாம் என்று படித்தேன். மகளுக்கு ஒன்பது வயது. தினம் மூன்று மணி நேரம் உட்கார வைக்கிறேன். சரிதானே? (ஓர் அப்பா, அரும்பார்த்தபுரம்)

ப: பிள்ளையை முதலில் எழுந்திருக்கச் சொல்லுங்கள் சார்! அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெர்லினில் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை வைத்து எரிக்சன் என்ற உளவியலாளர் தம் சகாக்களோடு சேர்ந்து 1993-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து. மிகச் சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் தனியாகப் பயிற்சி செய்த நேரத்தின் சராசரி அது. சராசரி என்றால் சிலர் அதைவிடக் குறைவு, சிலர் கூட. தாண்டினால் மேதை என்று அதில் கோடு எதுவும் போடவில்லை. பிற்பாடு ஒரு பிரபலமான புத்தகம் அதை மந்திர எண்ணாக்கியதும் எரிக்சனே ஆட்சேபம் சொன்னார்.

அதே ஆய்வில் இன்னொரு சங்கதி உண்டு. நன்றாக வாசித்த மாணவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் தூங்கினார்கள், பகல் தூக்கம் உட்பட! மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்வதை நம் ஊரில் எவ்வளவு பேர் சோம்பேறித்தனம் என்கிறார்கள். ஆராய்ச்சி நம் பாட்டிமார் பக்கம் நிற்கிறது. இதைப் பெரிய எழுத்தில் எழுதித் திண்ணையில் ஒட்ட வேண்டும்.

ஒன்பது வயதுக்கு இருபது நிமிஷம் தாராளம். காலையில் பத்து, சாயங்காலம் பத்து என்று பிரித்தாலும் நல்லதே. முதலில் வெறும் தந்தி. பிறகு ஸ்கேலோ சரளியோ, மெதுவாக. அடுத்து இந்த வாரப் பாடம். இங்கேதான் எல்லா வீட்டிலும் தவறு நடக்கிறது. பிள்ளை முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கும், ஐந்தாம் வரியில் தடுக்கும், ‘அய்யோ’ என்று மறுபடி முதல் வரிக்குப் போகும், மறுபடி அதே இடத்தில் தடுக்கும். நாலு முறை இப்படி வாசித்தால் முதல் நாலு வரி மெருகேறும், ஐந்தாம் வரியில் தடுக்குவதும் மனப்பாடமாகும். தடுக்குகிற இடத்துக்கு ஒரு சுரம் முன்னால் தொடங்கி, அதற்கு ஒரு சுரம் பின்னால் நிறுத்தச் சொல்லுங்கள். அந்தத் துண்டை மட்டும் முதல் காலத்தில், தப்பில்லாமல் சில தடவை. பிறகு இரண்டாம் காலம். கடைசி இரண்டு நிமிஷம் பிள்ளைக்குப் பிடித்த பாட்டு எதுவானாலும் சரி. வாத்தியத்தைச் சிரித்த முகத்தோடு பெட்டியில் வைக்கிற பிள்ளைதான் மறுநாள் தானாகப் பெட்டியைத் திறக்கும்.

கே: வயலின் கற்றால் கணக்கில் மார்க் கூடுமா? (கூடப்பாக்கம்)

ப: கணக்குப் போட்டால் கூடும்.

கே: வளர்கிற பிள்ளை. இப்போதே முழு அளவு வயலினாக வாங்கிவிட்டால் மிச்சம்தானே? (குருவிநத்தம்)

ப: ஜூன் மாதம் யூனிஃபார்ம் எடுக்கிற கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். சட்டை பெரிதாக இருந்தால் கையை மடித்துவிடலாம், வயலினை எங்கே மடிப்பது? கால், அரை, முக்கால், முழு என்று அளவுகள் இருப்பதே பிள்ளைகளுக்காக. வயலினைத் தோளில் வைத்து இடக்கையை முழுதாக நீட்டச் சொல்லுங்கள். வாத்தியத்தின் சுருள் தலை உள்ளங்கையில் உட்கார்ந்து, விரல்கள் அதைச் சுற்றி வளைந்தால் அதுதான் அளவு. எட்டிப் பிடித்தால் மணிக்கட்டு உடையும், தோள் தூக்கும், கழுத்து வலிக்கும். பிள்ளையோ தனக்கு வயலின் வராது என்றே நம்பிவிடும். வளர்ந்துவிட்டால் அடுத்த வீட்டுச் சின்னதுக்குக் கைமாற்றுங்கள்.

கே: எங்கள் வீட்டில் யாருக்கும் இசை தெரியாது. அவள் சரியாக வாசிக்கிறாளா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (சேலியமேடு)

ப: கண்டுபிடிக்க வேண்டாம். கேளுங்கள். ஜப்பானில் ஷினிச்சி சுசுகி என்றொருவர், 1898-ல் பிறந்தவர். அவருடைய அப்பா நகோயாவில் வயலின் தொழிற்சாலை வைத்திருந்தார். வாத்தியங்களுக்கு நடுவே வளர்ந்த மகன், பதின்பருவத்தில் மிஷா எல்மனின் வயலின் இசைத்தட்டைக் கேட்ட பிறகுதான் வயலினைக் கற்கவே தொடங்கினார். பின்னாளில் அவர் வகுத்த முறை உலகம் முழுக்கப் பரவியது. எந்தக் குழந்தையும் தாய்மொழியைக் கேட்டுக் கேட்டே கற்கிறது. இசையையும் அப்படியே கற்கட்டும் என்றார். அதனால் பெற்றோரும் வகுப்பில் வந்து உட்கார வேண்டும், வாசிக்கப்போகும் பாட்டு வீட்டில் தினமும் ஒலிக்க வேண்டும். சமைக்கும்போது ஓடினாலும் போதும்.

கேட்பதற்கு எங்கள் பக்கத்தில் பாட்டிகளை மிஞ்ச ஆளில்லை. ‘அந்தக் கொஞ்சம் அழுகிறாப்பல வருமே, அதை இன்னொரு தரம் வாசி கண்ணு’ என்று ஒரு பாட்டி சொல்வாள். அதற்கு எந்தப் பாடப் புத்தகமும் ஈடாகாது. அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு ஒரு சபை கிடைத்துவிட்டது.

ஆனால் ராத்திரி ஏழரைக்கு மேல் பாட்டி கிடைக்க மாட்டாள். சீரியல்! இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் சீரியல் கோபம் தெரியும். கூடத்தில் மாமியார் கத்திக்கொண்டிருக்க, பக்கத்து அறையில் பிள்ளை எப்படிச் சுருதியைக் கேட்கும்? இருபது நிமிஷம் டி.வி.யை அணையுங்கள். சத்தத்தைக் குறைப்பது போதாது, அணையுங்கள். கதாநாயகி அடுத்த வாரமும் அழுதுகொண்டுதான் இருப்பாள், ஒன்றும் தவறிப்போகாது.

கே: பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். (சுல்தான்பேட்டை)

ப: துணி காயப்போடும் மரக் கிளிப்பை பிரிட்ஜின் மேல் விளிம்பில், தந்தியில் படாமல், மெதுவாகக் கவ்வ விடுங்கள். சத்தம் அடங்கும். கடையில் இதற்கென்றே விற்கும் மியூட் இன்னும் நன்றாக அடக்கும். ஆனால் தினமும் மாட்டாதீர்கள். தன் வாத்தியத்தின் முழுக் குரலைப் பிள்ளை கேட்டு வளர வேண்டும். பொங்கலுக்குப் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு ஒரு பாட்டு வாசித்துக் காட்டினால் பாதிச் சண்டை தீரும்.

கே: தேரோட்டத்தன்று பயிற்சி செய்ய வேண்டுமா? (வில்லியனூர்)

ப: கூடவே கூடாது! திருக்காமீசுவரர் தேர் வடத்தைப் பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னரே வந்து பிடித்திருக்கிறார். இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். நீயும் போய்ப் பிடி. அப்படியே நாதஸ்வரக்காரர் பக்கத்தில் நின்று, ஒரு சுரத்தை அவர் எவ்வளவு நேரம் பிடித்து நிறுத்துகிறார் என்று கேட்டுவிட்டு வா. அன்றைய பயிற்சி அதுவே.

கே: வயலின் வெள்ளைக்காரன் கருவி. நம் பிள்ளைகளுக்கு எதற்கு? (ஒரு தாத்தா, மங்கலம்)

ப: ஐயா, வணக்கம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859). அந்தக் குடும்பம் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் முதலியார் ஆதரவில் இருந்தபோது, ஓர் ஐரோப்பியரிடம் மூன்று வருஷம் வயலின் கற்றார். நம் கச்சேரி மேடைக்கு வயலின் வந்த வழி அதுதான். தஞ்சை நால்வரில் வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் ஆன வயலினையே பரிசளித்தார், ஆண்டு 1834. இருநூறு வருஷத்துக்கு மேலாக நம்மோடு உட்கார்ந்து பழகிய கருவியை இன்னும் விருந்தாளி என்றா சொல்வது?

உங்கள் பேரனுக்கு நான் சிபாரிசு செய்யும் வீட்டுப்பாடமும் இதே குடும்பத்துச் சொத்துதான். முத்துசுவாமி தீட்சிதர் மேல்நாட்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத வரிகள் போட்டு நாற்பதுக்குச் சற்று ஏறக்குறைய நோட்டுஸ்வரங்கள் செய்திருக்கிறார். எல்லாம் சங்கராபரணம், மேஜர் ஸ்கேல். கமகம் இல்லை, தாண்டித் தாண்டிப் போகும் எளிய மெட்டுகள். ‘சக்தி சஹித கணபதிம்’ வாசித்தால் மேல்நாட்டு வகுப்புக்கு விரல் பழகும். சாமி மாடத்து முன்னால் நீங்களும் சேர்ந்து பாடலாம். பேரன் இழுக்க, தாத்தா பாட. அடுத்த கடிதத்தில் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

கே: பள்ளியில் ஜி-டி-ஏ-ஈ, வீட்டுக்கு வரும் வாத்தியார் ச-ப-ச-ப. ஒரே வயலின். என்ன செய்வது? (உறுவையாறு)

ப: காலையில் ஒரு சுருதி, மாலையில் ஒரு சுருதி என்று திருகினால் முதலில் அறுவது தந்தி, அடுத்தது பிள்ளையின் பொறுமை. இரண்டாவது வயலின் கிடைத்தால் பிரச்சினை தீர்ந்தது. கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும். எதை என்று என்னைக் கேட்டால், சம்மணம் போட்டு வாசிப்பதுதான் எனக்கு அழகு என்பேன். ஆனால் பிள்ளையின் தோழர்கள் எந்த வகுப்பில் இருக்கிறார்களோ அதற்கே என் ஓட்டு. பத்து பேரோடு சேர்ந்து வாசிக்கும் குஷி வீட்டுப் பயிற்சியைத் தானே இழுத்துக்கொண்டு போகும்.

கே: ஐப்பசி மழை வந்தால் பிரடை திருகவே மாட்டேன் என்கிறது, சித்திரையில் நிற்கவே மாட்டேன் என்கிறது. (மணப்பட்டு)

ப: மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இறுகினால் காய்ந்த சோப்பைப் பிரடையில் லேசாகத் தேயுங்கள், வழுக்கினால் சாக்பீஸ். முறுக்கி உடைக்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரணில் வயலினை வைக்காதீர்கள்; பலகைகளை ஒட்டியிருப்பது சூட்டில் இளகும் தோல் பசை. வாசித்து முடித்ததும் வில்லின் திருகைத் தளர்த்துவதை மட்டும் எந்தப் பருவத்திலும் மறக்கக் கூடாது.

கே: மகன் செல்லோ. டைல்ஸ் தரையில் அதன் அடி முள் வழுக்குகிறது. (கன்னியகோவில்)

ப: தேங்காய் நார் மிதியடி, கீழே. அல்லது கயிற்றில் ஒரு கண்ணி போட்டு நாற்காலியின் முன் காலில் கட்டி, முள்ளை அதில் ஊன்றுங்கள். உலகத்துப் பெரிய செல்லோக்காரர்களும் இப்படி ஒரு வார் வைத்திருக்கிறார்கள்.

கே: மகளை இரண்டாம் வயலினில் போட்டுவிட்டார்கள். அழுகிறாள். ஆசிரியரிடம் பேசலாமா? (அரங்கனூர்)

ப: அவசியம் பேசுங்கள். போய் நன்றி சொல்லுங்கள்!

முதல் வயலின் மெட்டைச் சுமக்கிறது, எல்லார் காதிலும் விழுகிறது. இரண்டாம் வயலினும் வயோலாவும் மெட்டுக்கு உள்ளே இருக்கின்றன. மொட்சார்ட் எவ்வளவு பெரிய வயலின் கை! நண்பர்களோடு நால்வராக உட்கார்ந்து வாசிக்கும்போது அவர் எடுத்துக்கொண்டது வயோலாவை. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) வீட்டில் ஓடட்டும். முதல் தடவை வி.எஸ். நரசிம்மனின் தனி வயலினைக் கேளுங்கள். அடுத்த தடவை அதை விட்டுவிட்டு, அடியில் ஓடும் தந்திகளை மட்டும் பிடியுங்கள். எத்தனை நடமாட்டம் அங்கே! நரசிம்மன் பிற்பாடு மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்று நால்வர் குழுவே அமைத்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழு ராஜாவின் சிம்பொனியை வாசித்தபோதும் இரண்டாம் வயலின் வரிசை அங்கே உட்கார்ந்திருந்தது.

அவள் அழுவதற்கு நிஜக் காரணம் வேறாக இருக்கலாம். வீட்டில் தனியாக வாசித்தால் இரண்டாம் வயலின் பாடத்தில் பாட்டே கேட்காது. ரெண்டு சுரம், மௌனம், மறுபடி ரெண்டு சுரம். யாருக்குத்தான் அலுக்காது? முதல் வயலின் தோழியின் வாசிப்பைப் போனில் பதிவு செய்து வாங்கி வரச் சொல்லுங்கள். அதை ஓடவிட்டு, கூடவே இவள் வாசிக்கட்டும். மௌனம் வரும் இடங்களில் வாய்விட்டு எண்ணட்டும். ‘ஓ, என் சுரம் இங்கேதான் வந்து பொருந்துகிறதா’ என்று ஒரு தரம் பிடிபட்டால் அழுகை போய்விடும்.

கே: நான் ஏழாம் வகுப்பு. வகுப்பு முடிந்ததும் வயலினை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். வீட்டில் வயலின் இல்லை. அப்பா கரும்பு வெட்டப் போகிறார். வாங்கித் தரச் சொல்லிக் கேட்க மனசு வரவில்லை. நான் எப்படி வீட்டில் பயிற்சி செய்வது? (பாகூர்)

ப: தங்கச்சி, உன் கடிதத்துக்காகத்தான் மற்றக் கேள்விகளைச் சுருக்கினேன்.

வயலின் இல்லாமலும் செய்ய நிறைய இருக்கிறது, அதெல்லாம் நிஜமான பயிற்சி. முதலில் பாடு. பாடத்தின் ஒவ்வொரு சுரத்தையும் தாளம் போட்டுப் பாடு. நம் வாத்தியார்கள் வாசிப்பதற்கு முன் பாட வைப்பது காரணத்தோடுதான். தொண்டை அறிந்த சுரத்தை விரல் சீக்கிரம் தேடிப் பிடிக்கும். அடுத்து, ஒரு பென்சிலை எடு. வில் பிடிக்கிற மாதிரியே பிடி. கட்டை விரல் வளைந்திருக்க வேண்டும், சுண்டு விரல் பென்சிலின் மேல் வளைந்து நிற்க வேண்டும். அப்படியே பென்சிலை நிமிர்த்து, படுக்க வை, மறுபடி நிமிர்த்து. சுண்டு விரல் வலிக்கத் தொடங்கினால் கொஞ்சம் ஓய்வு கொடு. வயலின் வைத்திருக்கும் பல பிள்ளைகள் இதைச் செய்வதில்லை. வில் கை அவர்களைவிட உனக்குச் சீக்கிரம் படியும். பிறகு வலது முன்கையைத் தந்தியாக நினைத்து இடக்கை விரல்களால் பாடத்தைத் தட்டு. எந்த இரண்டு விரல் ஒட்டி வரும், எது தள்ளி விழும் என்று பார்த்துத் தட்டு.

வெனிசுவேலாவில் ஹோசே அந்தோனியோ அப்ரேயு 1975-ல் தொடங்கிய பிள்ளைகள் இசைக்குழு இயக்கத்தில் சின்னக் குழந்தைகள் முதலில் காகிதக்கூழ் வயலினில்தான் பிடிக்கப் பழகுகிறார்கள். அதற்கப்புறம்தான் நிஜ வயலின். உனக்கு ஒன்று தெரியுமா? காகிதக்கூழ் வேலையில் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் நம் திருக்கனூர்! அங்கே கை வைத்தால் பொம்மை பிறக்கிறது, வயலின் பிறக்காதா? யாராவது ஒரு வாத்தியார் திருக்கனூர்ப் பட்டறையில் அளவு கொடுத்து இருபது வயலின் சொல்லட்டும். நான் முதல் ஆளாக வந்து பார்ப்பேன்.

வீட்டில் இசைப் பின்னணியோ பணமோ இல்லாத பிள்ளைகளால் இது முடியுமா என்று உன் மனசில் ஓடுவது எனக்குத் தெரிகிறது. ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் தொடங்கிய சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே. இலவசமாக வயலினும் செல்லோவும் கற்றுத் தந்து வளர்த்த தந்திக் குழு அது. நீ பெரியவளானதும் இசையைப் பட்டப் படிப்பாகவே படிக்க நினைத்தால் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, உன் ஊரிலிருந்து பஸ் தூரம்தான்.

இனி பெரியவர்களுக்கு. வாத்தியத்தைப் பூட்டி வைக்கும் ஆசிரியர்களே, உங்கள் பயம் புரிகிறது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள், திங்கட்கிழமை வாங்கிப் பாருங்கள். முறை வைத்து எல்லாப் பிள்ளைக்கும் ஒரு வாரக் கடைசி கிடைக்கட்டும். தந்தி அறுந்தால் புதுத் தந்தி போடலாம். பள்ளி தொடங்கும் முன் கால் மணி நேரம் அந்த அலமாரியைத் திறந்து வைத்தால்கூடப் போதும். ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்க பல்லவன் காலத்தில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்காக மூன்று ஊர்களையே தானமாக எழுதிக் கொடுத்த செப்பேடு கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் படிக்க மூன்று ஊர் கிடைத்த மண்ணில் ஒரு வயலின் மூன்று ராத்திரி வெளியே போகக் கூடாதா?

தங்கச்சி, இந்தப் பக்கத்தைக் கத்தரித்து உன் ஆசிரியரிடம் காட்டு. என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

கே: பயிற்சியின் நடுவே கரண்ட் போனால்? (சோரியாங்குப்பம்)

ப: வயலினுக்கு ஏது பிளக்? வாசித்துக்கொண்டே இரு. இருட்டில் விரலைப் பார்க்க முடியாது, காதுதான் வழி காட்டும். அது நல்ல பயிற்சி. சீரியலும் ஓடாது, பாட்டி உன் பக்கம் வந்து உட்காருவாள்.